ஜன்னலைச் சாத்தச் சொன்னவர்

மன்னிப்பைப் பற்றி யாராவது மேடையேறிப் பேசத் தொடங்கினால் எனக்கு எங்கள் டீமேக்கர் ஐயாவின் ஞாபகம் வந்துவிடும். அந்த மனிதர் யாரையும் மன்னித்து நான் பார்த்ததில்லை. பஸ் கண்டக்டர் தொடங்கி பெரிய துரை வரைக்கும், தனக்குக் கிடைத்ததை அவரவருக்குத் திருப்பிக் கொடுக்காமல் அவர் விட்டதில்லை. கொடுக்கும்போது குரலை உயர்த்தவும் மாட்டார், முகம் சிவக்கவும் மாட்டார். நான் சட்டென்று கோபப்பட்டு, கத்தி, பிறகு அழுது, எல்லாவற்றையும் வீணாக்கிவிடுகிற ஜாதி. அதனால்தானோ என்னவோ எனக்கு அவரை அவ்வளவு பிடித்தது.

இலங்கை மலைநாட்டில், வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி மேலே ஏறினால் வருகிற தோட்டங்களில் ஒன்றில் நான் டீச்சராக இருந்தேன். என் வீட்டுக்காரர் அதே தோட்டத்து பெக்டரியில் கிளாக்கர். எங்களுக்குக் கொடுத்திருந்தது ஒரே கூரையின் கீழ் இரண்டு வீடாகப் பிரித்த குவாட்டர்ஸ். ஒரு பாதியில் நாங்கள், மறு பாதியில் டீமேக்கர் ஐயாவும் அவர் மனைவியும். கொழுந்து பெக்டரிக்குள் வந்ததிலிருந்து தேயிலையாகிப் பெட்டிக்குள் போகும் வரை எல்லாம் அவர் பொறுப்பு. குட்டையான மனிதர். காக்கி அரைக்கால்சட்டை, முழங்கால் வரை இழுத்துவிட்ட மேஜோடு. தலைக்கு வாசனை எண்ணெய் வைக்க மாட்டார், பகலில் வெங்காயம் தொட மாட்டார், வெற்றிலை பக்கமே போக மாட்டார். அவருடைய நாக்கும் மூக்கும்தான் அந்தத் தோட்டத்தின் வருமானம் என்று அவருக்கு நினைப்பு. அந்த நினைப்பில் பிழையும் இல்லை. தொழிலாளர் குடியிருக்கிற லயத்துச் சனங்கள் அரிசி வாங்கினாலும், பசு வாங்கினாலும், மாப்பிள்ளை பார்த்தாலும்கூட, “டீமேக்கர் ஐயா என்ன சொன்னாரு?” என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வார்கள். அவர் ஆகாது என்றால் அது ஆகாது.

நாங்கள் குடிவந்த வாரம் அவரை வீட்டுக்கு அழைத்தோம். நான் பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பில் ஏலக்காய் தட்டிப் போட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“நான் செஞ்ச தூளுதானுங்களே டீச்சர் இது?”

“ஆமாங்க ஐயா.”

“இருக்கட்டுங்க” என்று எழுந்து போய்விட்டார்.

மழைக்காலம் முழுவதும் எங்கள் வாசற்படி ஏறவில்லை. என்ன விஷயம் என்று எனக்குப் புரியவும் இல்லை, பிறகு மறந்தும் போனேன். தீபாவளிக்கு எங்களைச் சாப்பிட அழைத்தார்கள். என் வீட்டுக்காரர் இலையில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. என் இலையில் மட்டும் சோற்றில் ஏலக்காய், ஆட்டுக்கறியில் ஏலக்காய், ரசத்தில் ஏலக்காய், குடிக்க வைத்த வெந்நீரிலும் ஏலக்காய். நான் நிமிர்ந்து பார்த்தேன். “டீச்சருக்குப் பிடிக்கும்னு சொல்லித்தான் போடச் சொன்னேனுங்க” என்றார். முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை. எனக்குத்தான் சிரிப்பு தாங்காமல் புரையேறிவிட்டது. அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதர்கள்.

“இதுக்காக இத்தனை மாசம் பொறுத்திருந்தீங்களா ஐயா?” என்று பிறகொரு நாள் கேட்டேன்.

“ஊறணுமுங்களே டீச்சர்” என்றார்.

அது பெக்டரிப் பேச்சு. ருசி பார்க்கிற அறையில் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து, தூள் போட்டு, கொதிநீர் ஊற்றி மூடிவிடுவார்கள். நேரத்துக்கு முன் மூடியைத் திறந்தால் ஒன்றும் தெரியாது. பிறகு ஒவ்வொன்றாகக் கரண்டியில் எடுத்து, சர்ரென்று காற்றோடு சேர்த்து உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, துப்பிவிட வேண்டும். விழுங்கக் கூடாது. டீமேக்கர் ஐயா தன் பகைகளையும் அந்த மாதிரி மூடி வைத்திருந்தார். யாராவது அவரைச் சீண்டிவிட்டுப் போனால், “என்னங்க ஐயா, விட்டுட்டீங்களே?” என்று என் வீட்டுக்காரர் கேட்பார். “இன்னும் ஊறல” என்று பதில் வரும்.

அவர் வீட்டு முன்னறையில், பூப்பின்னல் போட்ட துணியால் மூடி, ஒரு ரெக்கார்ட் பிளேயரும் ஆம்ப்ளிஃபையரும் இருந்தன. முன்பு உதவி மேனேஜராக இருந்த சின்ன துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது பிரியமாகக் கொடுத்துவிட்டுப் போனது. அதோடு வந்த ஸ்பீக்கர் பெட்டிகளை எலி தின்றுவிட்டிருந்தது. ஆக, எல்லாம் இருந்தும் சத்தம் இல்லை. சின்னதாக, சுவர் ஷெல்ஃபில் புத்தகங்களோடு புத்தகமாக உட்காருகிற மாதிரி ஒரு ஜோடி ஸ்பீக்கர் வேண்டும் என்பதுதான் அந்த மனிதருக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே ஆசை. பெரிய பெட்டி வேண்டாமா என்று கேட்டால், “இந்த அறையில நாலு பேரு உக்காந்தா முட்டி இடிக்குது. இதுக்குள்ள பெரிய பெட்டியை வச்சா வீணையும் தப்பு மாதிரி கேக்கும்” என்பார். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்கு ஆட்களைக் கூப்பிட அடிக்கிற தப்பு மேளத்தைச் சொன்னார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. வெளிநாட்டுச் சாமான் கடைக்கு வராது. புதிது என்ற பேச்சே கிடையாது. யாராவது கைவிட்டால்தான் உண்டு. டீமேக்கர் ஐயா ஹட்டன், கண்டி, நுவரெலியா என்று பழைய சாமான் கடையெல்லாம் ஏறி இறங்கினார். ஒரு தடவை நானும் என் வீட்டுக்காரரும் துணைக்குப் போனோம். காலைக் கோச்சி பிடிக்க ஸ்டேஷனுக்கு வெறும் வயிற்றில் வந்தார். சாப்பிட்டால் காது மந்தமாகிவிடுமாம். கையில் துண்டால் சுற்றிய ஒரு வீணை ரெக்கார்ட். எந்தக் கடைக்குப் போனாலும் அதே ரெக்கார்ட்தான்.

முதலில் மூக்குக்குத்தான் வேலை. பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தை முகர்ந்தார். நம் பக்கத்துப் பனிக்கு உள்ளேயிருக்கிற காகிதக் கூம்பு பூஞ்சை பிடிக்கும், அது கண்ணுக்குத் தெரிவதற்கு முன் வாடையாகத் தெரியும் என்றார். பிறகு முன்துணியைக் கழற்றச் சொல்லி, விரல்களால் கூம்பை மெதுவாக அழுத்தி அழுத்தி விட்டார். எங்காவது உரசுகிறதா என்று பார்க்கிறாராம். அதற்கெல்லாம் பிறகுதான் ரெக்கார்ட். ஒரு பெட்டியை மட்டும் பாடவிட்டுக் கேட்டார், அதை நிறுத்திவிட்டு மற்றதைக் கேட்டார். கேட்கும்போது கண் மூடியிருக்கும், வாய் கொஞ்சம் திறந்திருக்கும், உதட்டோரமாகக் காற்றை சர்ரென்று உறிஞ்சுவார். கடைப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஐயா கண்ணைத் திறந்து, “கருகல்” என்றார். அடுத்த கடையில், “பச்சை வாடை.” அதற்கடுத்த கடையில், “சப்புனு இருக்கு.” தேயிலைக்குச் சொல்கிற சொற்கள்தான், ஆனால் கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஹட்டனில் ஒரு ரேடியோ கடை முதலாளி அவரை ஏமாற்றப் பார்த்தார். வெளியே பார்த்தால் இரண்டு பெட்டியும் அச்சு அசலாக ஒன்று. ஐயா ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, “உள்ள இருக்கறது ரெண்டும் வேற வேறங்களே முதலாளி” என்றார்.

“சாமி சத்தியமா ஒரே வயித்துப் புள்ளைங்க” என்றார் முதலாளி.

ஐயா சண்டை போடவில்லை. “சரிங்க முதலாளி” என்று ரெக்கார்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். ஆனால் சம்பளம் போட்ட சனிக்கிழமைகளில், கடை நிறைய ஆள் நிற்கிற நேரமாகப் பார்த்துப் போய், வாசலில் நின்று மிகவும் மரியாதையாகக் கேட்பார்: “முதலாளி, அந்தப் புள்ளையோட கூடப் பொறந்தது வந்துருச்சுங்களா?” இதையே மாதா மாதம். அந்த முதலாளி பிறகு இவரைத் தெருமுனையில் கண்டாலே பின்வாசல் வழியாகப் போய்விடுவார் என்று கேள்வி.

இதெல்லாம் சில்லறைப் பகை. மூடி போட்டு ஊறிக்கொண்டிருந்த பெரிய கோப்பை ஒன்று இருந்தது. அதைப் பற்றி எனக்குச் சொன்னது அவர் மனைவி. அக்கா என்றுதான் நான் கூப்பிடுவேன்.

தோட்டத்து மேனேஜரான எங்கள் பெரிய துரை வெள்ளைக்காரர். காலையில் ஐயா தேயிலை மாதிரிகளை வரிசையாக வைத்து நிற்க, துரை வந்து உறிஞ்சித் துப்பிவிட்டு, இவர் முகத்தைப் பார்க்காமலே “ஃபிளாட்” என்று சொல்லிவிட்டுப் போவார். சப்பென்று இருக்கிறது என்று அர்த்தம். நல்ல தேயிலைக்கும் அதுதான், சுமாரான தேயிலைக்கும் அதுதான். அதே தேயிலை கொழும்பு ஏலத்தில் நல்ல பெயரோடு போனால் அந்தக் கடிதத்தை ஐயாவிடம் காட்ட மாட்டார்.

ஒரு சாயங்காலம் பெக்டரியில் தேயிலை காயவைக்கிற மெஷின் நின்றுபோனது. அதைச் சொல்ல ஐயா மழையில் பங்களாவுக்கு ஏறிப் போயிருக்கிறார். ஸ்டாஃப் முன்வாசலால் போகக் கூடாது. பின்வராந்தாவில் நின்று, உள்ளே தகவல் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். உள்ளே விருந்தாளிகள். திறந்திருந்த ஜன்னல் வழியாகப் பாட்டு வந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தால் புத்தக ஷெல்ஃபில் இரண்டு சின்னப் பெட்டிகள். அவ்வளவு சின்னப் பெட்டியிலிருந்து அப்படிச் சத்தம் வரும் என்று அதுவரை அவருக்குத் தெரியாது. வயலினில் வில்லைப் போட்டு இழுக்கிறபோது அது நரம்பில் பிடிக்கிறதுகூடக் கேட்டதாம். மெஷினை மறந்து, நனைந்த சட்டையை மறந்து, கண்ணை மூடி நின்றுவிட்டார்.

துரை வெளியே வந்து அந்தக் கோலத்தைப் பார்த்திருக்கிறார். உள்ளே திரும்பி, “வந்து பாருங்கள், என் டீமேக்கர் சங்கீதம் கேட்கிறான்” என்று இங்கிலீஷில் கூப்பிட, விருந்தாளிகள் கண்ணாடி டம்ளர்களோடு ஜன்னலுக்கு வந்து பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். துரைசாணிதான் அதிகம் சிரித்தாளாம். பிறகு துரை இவரைப் பார்த்து, “உங்கள் ஆட்களின் காதுக்குத் தப்பு போதும், மேன்” என்றார். பங்களாவில் சமையல் பார்த்த அப்புவைக் கூப்பிட்டு, “ஜன்னலைச் சாத்து” என்றார். அப்பு நம்முடைய ஆள்தான். தலையைக் குனிந்துகொண்டு சாத்தினார். அதற்கு மேலும் வெகு நேரம் ஐயா அந்தச் சாத்திய ஜன்னலுக்கு வெளியே குளிரில் நின்றார். மெஷினைப் பற்றித் துரை கடைசியாகத்தான் கேட்டார்.

“வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசல டீச்சர். துணியை மாத்திக்கிட்டு, அந்தப் பிளேயருக்கு முன்னால உக்காந்துட்டாரு” என்றார் அக்கா.

எனக்கும் அந்தத் துரையோடு ஒரு கணக்கு இருந்தது. என் மூத்த பெண் வயிற்றில் ஏழு மாதம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. பங்களாத் தோட்டத்தின் ஓரமாக ஒரு குறுக்குப் பாதை உண்டு. அதில் பாதி தூரம் வந்துவிட்டேன். துரை வராந்தாவில் நின்று கைதட்டிக் கூப்பிட்டு, திரும்பிப் போ என்று விரலைக் காட்டினார். என் பிள்ளைகள் பத்துப் பேர் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் நான் அந்த வயிற்றோடு திரும்பி, மலையைச் சுற்றிக்கொண்டு ரோட்டு வழியாக வீட்டுக்கு வந்தேன். அந்த விரலை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. சாகிற வரை மறக்கிற உத்தேசமும் இல்லை.

ஐயாவிடம் அழுதுகொண்டே சொன்னேன். குடையைச் சுருக்கி வைத்தபடி முழுவதையும் கேட்டார். “அதையும் சேத்து வச்சுக்கிறேன் டீச்சர்” என்றார். வேறு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. எனக்கு அது போதுமாயிருந்தது.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொள்ளப் போகிறது என்று ஊர்ஜிதமானதும் வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். போகிற துரை, கொண்டுபோக முடியாத சாமான்களைப் பங்களாவிலேயே வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை விற்பது வழக்கம். அன்றைக்கு மட்டும் யாரும் முன்வாசல் வழியாகப் போகலாம். எங்கள் துரையும் விற்றார். கட்டில், பீங்கான், கோல்ஃப் மட்டை, நாய்க்கூண்டு என்று புல்தரையெல்லாம் பரப்பியிருந்தது. கிராமபோன் பெட்டி சாமான்கள் மட்டும் உள்ளே, இருந்த இடத்திலேயே. ஷெல்ஃபில் புத்தகங்கள் போய்விட்டிருந்தன. அந்த இரண்டு சின்னப் பெட்டிகள் மட்டும் இருந்தன.

ஐயா கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். கையில் துண்டு சுற்றிய ரெக்கார்ட். அன்று காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று அக்கா என் காதில் சொன்னார். இத்தனை வருஷம் தேடிய பெட்டிகள். கேட்டால் கொடுத்துவிடுவார்கள். வீட்டில் பிளேயர் காத்திருக்கிறது. தலவாக்கலையிலிருந்து வந்த ஹோட்டல் முதலாளி ஒருவரும், பக்கத்துத் தோட்டத்துப் பெரிய கிளாக்கரும் அதே பெட்டிகளுக்காகத்தான் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். டீமேக்கர் ஐயா வந்ததும் இருவரும் ஒதுங்கி இடம் விட்டார்கள். அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு வாங்கலாம் என்றுதான் காத்திருந்தார்கள்.

துரை சாய்வு நாற்காலியில் பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “இங்கிலாந்தில் செய்தது. இந்த மலையில் இதற்கு இணை கிடையாது” என்றார்.

“பாக்குறேன் சார்” என்றார் ஐயா.

முகர்ந்தார். துணியைக் கழற்றினார். அழுத்திப் பார்த்தார். துரையின் பிளேயரில் தன் வீணை ரெக்கார்டை வைத்தார். பிறகு, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அப்புவிடம் திரும்பினார்.

“அப்பு, அந்த ஜன்னலைக் கொஞ்சம் தெறங்க. நான் வெளிய நின்னு கேக்கணும்.”

அப்பு ஜன்னலைத் திறந்தார். ஐயா சுற்றிக்கொண்டு பின்வராந்தாவுக்குப் போய், அதே இடத்தில் நின்றார். நான் ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். வீணை தொடங்கியது. ஒவ்வொரு மீட்டும் தனித்தனியாக வந்து, நின்று, கரைந்தது. எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் அந்த அறையில் இருந்த யாரும் அசையவில்லை. நான் ஐயாவைப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. வாயும் மூடியிருந்தது. அவர் உறிஞ்சவே இல்லை. வராந்தாத் தூணைப் பிடித்திருந்தார், தொண்டை ஏறி இறங்கியது. ருசி பார்க்கிறவர் துப்பிவிடுவார். அன்றைக்கு அவர் குடித்துக்கொண்டிருந்தார். இவர் வாங்கிவிடுவார், துரை ஜெயித்துவிடுவார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

பக்கம் முடிந்தது. ஐயா கண்ணைத் திறந்தார். ஏதோ ஞாபகம் வந்தவராக உதட்டைக் கூட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி சர்ரென்று காற்றை உறிஞ்சினார். வாயைக் குதப்பினார். வராந்தா ஓரத்துக்குப் போய், துரைசாணியின் ரோஜாப் பாத்தியில் துப்பினார். பிறகு ஜன்னலுக்கு வந்து, உள்ளே இருந்த துரையின் முகத்தைப் பார்க்காமல், “ஃபிளாட், சார்” என்றார்.

ஹோட்டல் முதலாளியின் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: “சப்புனு இருக்குங்க. பனியில ஊறிப் போச்சு. ரெண்டும் ஆகாது.”

ஹோட்டல் முதலாளி பெட்டியின் மேல் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டார். பெரிய கிளாக்கர் பீங்கான் பார்க்கப் போய்விட்டார். துரை எழுந்து நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். காது நுனி வரை சிவந்திருந்தது. ஐயா காத்திருக்கவில்லை.

“அப்பு, ஜன்னலைச் சாத்துங்க.”

அப்பு துரையைப் பார்த்தார். ஐயாவைப் பார்த்தார். சாத்தினார்.

அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதினால் நன்றாக இருக்காது. ஆனாலும் எழுதுகிறேன். என் பெண் பிறந்தபோதுகூட எனக்கு அப்படி உடம்பெல்லாம் குளிர்ந்ததில்லை. திரும்பும்போது வேண்டுமென்றே அந்தக் குறுக்குப் பாதை வழியாக, நடுப்புல்லில் கால் வைத்து நடந்து வந்தேன்.

அன்று முழுவதும் அந்தப் பெட்டிகளை யாரும் கேட்கவில்லை. டீமேக்கர் ஐயா துப்பிய சாமானை யார் வாங்குவார்கள்? கடைசியில் துரை அவற்றை அப்புவிடம் தள்ளிவிட்டுப் போய்விட்டார். இது தெரிந்ததும் நான் ஐயாவிடம் ஓடினேன்.

“அப்புகிட்டத்தான் இருக்குங்க ஐயா. போய்க் கேட்டா கொடுத்துருவாரு.”

“இப்பப் போனா ஆளுங்க என்ன பேசுவாங்க? வாங்கத்தான் பொய் சொன்னான்னு பேசுவாங்க. அது துரை காதுக்குப் போகும்.”

“அவரு கொழும்புக்குப் போயிட்டாரே.”

“கொழும்புலதானே இருக்கான். ஊரு போய்ச் சேரட்டும். இன்னும் ஊறல டீச்சர்.”

புதுத் துரை வந்தார், தோட்டத்துப் பெயர்ப்பலகை மாறியது, மழைக்காலம் வந்து போனது. ஐயா பிளேயர் மேலிருந்த துணியைத் துவைத்துப் போட்டார். ஷெல்ஃபில் இரண்டு பெட்டிக்கு இடம் ஒதுக்கித் துடைத்து வைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை என் வாசலில் வந்து நின்றார். “சும்மா அப்படியே அப்பு வீட்டுப் பக்கம் போயிட்டு வரலாமுங்களா டீச்சர்?” என்றார். சவரம் செய்திருந்தார். வெறும் வயிறு என்பது முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

அப்பு இப்போது பங்களாவில் இல்லை, லயத்துக் கோடியில் ஓர் அறையில் இருந்தார். எங்களைக் கண்டதும் பெஞ்சைத் துடைத்துப் போட்டார். உட்காரும் முன்பே நான் பார்த்துவிட்டேன். ஐயாவும் பார்த்துவிட்டார். கூரைச் சரிவுக்குக் கீழே, சுவரில் ஆணி அடித்து, அந்த இரண்டு பெட்டிகளையும் மாட்டியிருந்தது. முன்துணி இல்லை. கூம்பு இருந்த வட்ட ஓட்டை வழியாக ஒரு புறா தலையை நீட்டி எங்களைப் பார்த்தது.

ஐயா சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். “உள்ள இருந்ததெல்லாம் எங்கப்பா?” என்று கேட்டார்.

“அதைப் பிடுங்கி ஓடையில போட்டுட்டேனுங்க ஐயா” என்றார் அப்பு சந்தோஷமாக. “ஐயாவே சொல்லிட்டீங்க, ரெண்டும் ஆகாதுன்னு. பலகை மட்டும் நல்ல பலகைங்க. புறாவுக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருந்துச்சு.”

“ஆமாப்பா. நான்தான் சொன்னேன்” என்றார் ஐயா. புறாவைப் பார்த்தபடியே, “நல்லாத் தங்குதா?” என்று கேட்டார்.

“தங்குதுங்க. குஞ்சு பொரிச்சிருக்குங்க.”

அப்பு வீட்டுத் தேத்தண்ணியை முழுவதும் குடித்தார். ரொம்ப நல்லாயிருக்கு என்று அப்புவின் மனைவியிடம் சொன்னார். இறங்கி வரும் வழியில் ஓடைக்கரையில் மட்டும் ஒரு நிமிஷம் நின்றார். மழைத் தண்ணீர் கலங்கி ஓடிக்கொண்டிருந்தது.

“துரை ஊருக்குப் போய்ச் சேந்திருப்பான்ல டீச்சர்?”

“எப்பவோ சேந்திருப்பாருங்க ஐயா.”

“நல்லது” என்றார்.

பிறகு காலம் மாறியது. இறக்குமதி திறந்துவிட்டார்கள். ஹட்டன் கடைகளெல்லாம் ஜப்பான் ரேடியோக்களும் மினுங்குகிற ஸ்பீக்கர்களுமாக நிறைந்து வழிந்தன. லயத்திலேயே காஸெட் பாடியது. ஐயா ஓய்வு பெற்றுக் கொட்டகலையில் ஒரு சின்ன வீட்டில் இருந்தார். ஊருக்குள் வருகிற எல்லாப் பெட்டியையும் போய் முகர்ந்து, அழுத்தி, கேட்டுவிட்டு, சப்பு என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்புவார் என்று அக்கா அலுத்துக்கொண்டார்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மத்தியானம் அவர்களைப் பார்க்கப் போனேன். என் மூத்தவள் அப்போது என்னை விட உயரம். முன்னறையில் அதே பிளேயர், அதே துணி. ஷெல்ஃபில் இரண்டு பெட்டிக்கான இடம் அப்படியே காலியாக இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை, கேட்டுவிட்டேன்.

“அன்னைக்கு நிஜமா எப்படித்தான் இருந்துச்சுங்க ஐயா?”

“என் சர்வீஸ்ல அப்படி ஒரு தேயிலை என் பெக்டரியில எறங்குனதில்ல டீச்சர்” என்றார்.

“வாங்கியிருக்கலாமே ஐயா. நம்ம கோபத்தை வேற விதமாக் காட்டியிருக்கலாம்.”

“வாங்கியிருந்தா அவன் நல்ல சாமானை வச்சிருந்தவனாப் போயிருப்பான். இப்பப் பாருங்க, அவன் எங்க இருந்தாலும் அது சப்புன்னுதான் நெனச்சுக்கிட்டு இருப்பான்.” அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நான் பார்த்த வரை அவர் உண்மையாகச் சிரித்தது அந்த ஒரு தடவைதான். “இன்னொருக்கா கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்.”

பிறகு எழுந்து துணியை விலக்கினார். வீணை ரெக்கார்டை எடுத்து வைத்து, பிளேயரைச் சுற்றவிட்டார். ஸ்பீக்கர் இல்லாமல் எதற்கு என்று நான் நினைத்தேன். ஊசியை மெதுவாக இறக்கிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, தலையைச் சாய்த்துக் காதை அந்த ஊசிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். அதைத் தினமும் செய்கிறவர் என்பது அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. நானும் குனிந்தேன். ஊசி உரசுகிற இடத்திலிருந்து, கொசு பாடுகிற அளவுக்கு, வீணை கேட்டது.

வெளியே தேயிலை மலையிலிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. ஜன்னல் கதவு அடித்துக்கொண்டது. ஐயா தலையைத் தூக்காமல், கண்ணைத் திறக்காமல் சொன்னார்.

“அந்த ஜன்னலைச் சாத்துங்க டீச்சர். கேக்க மாட்டேங்குது.”

நான் எழுந்து போய்ச் சாத்தினேன்.